ஓசோகெரைட்டா, மாண்டன் மெழுகா?

மதுரையில் வீட்டிலேயே லிப் பாம், ஷூ பாலிஷ் செய்து விற்பவர்களுக்குச் சித்திரை வெயில் வந்தால் இந்தக் குழப்பம் வரும். இரண்டுமே மண்ணுக்குள்ளிருந்து வரும் மெழுகுதான்.

பிறப்பு: ஓசோகெரைட் பாறை இடுக்கில் கிடைப்பது, பெட்ரோலியத்தின் உறவு. 19ஆம் நூற்றாண்டில் உக்ரைனின் போரிஸ்லாவில் சுரங்கம் வைத்து எடுத்தார்கள். மாண்டன், பழுப்பு நிலக்கரியிலிருந்து கரைப்பான் கொண்டு பிரிப்பது; ஜெர்மனியில் பிரபலம். ‘நெய்வேலியிலும் அதே கரிதானே?’ என்று கேட்கலாம். எல்லாக் கரியிலும் மெழுகு அவ்வளவு இருக்காது.

உருகுநிலை: ஓசோகெரைட் தரத்தைப் பொறுத்து 58 முதல் 100 டிகிரி வரை. மாண்டன் 80க்கு மேல். 40 டிகிரி வெயிலுக்கு இரண்டும் அசையாது.

எண்ணெய்: இங்கேதான் ஓசோகெரைட் ஜெயிக்கிறது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாம் வியர்க்காது. சுத்திகரித்தால் வெள்ளையாகிவிடும், அதன் பெயர் செரெசின்.

பளபளப்பு: மாண்டன் கெட்டி, தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த பொருட்கள்) இருப்பதால் காரம் (அல்கலி) சேர்த்து நீரோடும் கலக்கலாம். ஓசோகெரைட் வெறும் ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்; காரத்துக்கு மசியாது. ஆனால் சுத்திகரிக்காத மாண்டன் கரும்பழுப்பு நிறம். உதட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, பாமுக்குச் செரெசின், செருப்புக்கு மாண்டன். எதை உருக்கினாலும் நேரடித் தீயில் வைக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள்.