போர்ட்ஃபோலியோ அச்சடிக்கப் போகும் கட்டடக்கலை மாணவர்களே, 960 வெள்ளி போனதைப் படித்துவிட்டுப் போங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து கட்டடக்கலை, உள்ளலங்காரம், கிராஃபிக் டிசைன் என்று படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய அப்பா அம்மாவும் படித்தால் இன்னும் நல்லது. என் போர்ட்ஃபோலியோவை அச்சடித்துக் கெடுத்த கடைக்காரர் நேற்று என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று அக்கா சொன்னாள். ஆறுவதற்குள் இன்னொரு பிள்ளை அங்கே போய்ப் பணம் கட்டிவிடும்.

போனது 960 வெள்ளி, அதாவது ரிங்கிட். என் பயிற்சிக்கால அலவன்ஸில் மிச்சம் பிடித்ததும், அப்பா செம்பனை லாரி ஓட்டி ஓவர்டைமில் சேர்த்ததும் சேர்ந்த 960 வெள்ளி.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. கல்யாண அட்டை, கோயில் திருவிழா பேனர், கருமாதி அட்டை, பள்ளி ஆண்டு மலர் எல்லாம் அடிக்கிற வகைக் கடை. கண்ணாடிக் கதவில் ‘தீசிஸ், போர்ட்ஃபோலியோ, ஹார்ட்கவர் செய்து தரப்படும்’ என்று ஒட்டியிருக்கும்.

பெற்றோருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். போர்ட்ஃபோலியோ என்றால் சான்றிதழ் ஃபைல் இல்லை. பார்ட் 1 என்கிற முதல் கட்டக் கட்டடக்கலைப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்த கட்டமான பார்ட் 2 படிக்க இடம் கேட்டுப் போகும்போது, நேர்முக மேசையில் நமக்காகப் பேசுவது அந்தப் புத்தகம்தான். முதலில் கிறுக்கிய ஸ்கெட்ச், அதிலிருந்து வந்த பிளான், செக்ஷன் (கட்டடத்தை வெட்டிப் பார்க்கிற மாதிரி வரைவது), மாடலின் படங்கள் என்று நம்முடைய யோசனை எப்படி நகர்ந்தது என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். கோடு சரியான கனத்தில் விழுந்திருக்கிறதா, அளவு சரியா என்பதைக்கூடப் பார்ப்பார்கள். அச்சு கெட்டால் வேலையே கெட்ட மாதிரிதான்.

என் புத்தகத்தில் ஐந்து வேலைகள். நடுவில் வருவது என் பாட்டி இருந்த தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள். படிக்கும்போது நானே டேப் பிடித்து அளந்து 1:50 அளவில் வரைந்தது. தகரக் கூரை, பின்பக்கத்து அடுப்படி, வாசலை ஒட்டி ஓடும் கால்வாய், பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, எதிரே காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம், எல்லாம் டிரேசிங் தாளில் இங்க் பேனாவால் கையால் போட்டது. ஏ2 அளவில் ஏழு தாள். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் ஒரு வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்கிறது, இந்த லயத்தில் என்ன இருந்தது என்று பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தேன். அந்த லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டு செம்பனை வைத்துவிட்டார்கள். மறுபடி அளக்கலாம் என்றால் அளப்பதற்கு அங்கே சுவரே இல்லை.

அந்த ஏழு தாளையும் ஸ்கேன் செய்யப் பெரிய ஸ்கேனர் வேண்டும். அதற்காகத்தான் கடைக்குப் போனோம். அப்பாவும் கூட வந்தார்.

அந்த மனிதர் தாள்களை விரித்துப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவசரமே இல்லை. கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ஆயாக்கொட்டகையில் விரலை வைத்து, “இது அந்தத் தோட்டம்தானே ம்மா? எங்க தாத்தா அங்கதான் ரப்பர் பால் வெட்டுனாரு,” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் தோட்டத்தின் பழைய கிராணி (கணக்கர்), தண்டல் (மேற்பார்வையாளர்) பெயரெல்லாம் சொல்லிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஏ3 ஹார்ட்கவர், கெட்டியான மேட் தாள், விரித்தால் நடுமடிப்பு தெரியாமல் தட்டையாகக் கிடக்கிற பைண்டிங். “இதே மாதிரி ரெண்டு காப்பி. ஸ்கேன் ஈப்போவுல பெரிய மெஷின்ல எடுத்து, நீ காலியா விட்ட பக்கத்துல நானே வச்சிடுறேன். மொத்தம் 960,” என்றார். தாளைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைக்க வேண்டுமாம், அதனால் முழுப்பணமும் முன்னாலேயே. “கடை கணக்குல ஏதோ சிக்கல், என் சொந்தக் கணக்குக்கே டியூட்நவ் பண்ணிடுங்க அண்ணே,” என்று அப்பாவிடம் சொன்னார். டியூட்நவ் என்றால் போனிலேயே வங்கிப் பணம் அனுப்புவது. அப்பா ஒரு நொடி யோசித்தார். அதைப் பார்த்துக் கடைக்காரர் சொன்னது இது: “துன் சம்பந்தன் பிறந்த ஊரு அண்ணே இது. நம்ம ஆளை நம்ம ஆளே ஏமாத்துவானா?”

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அந்தத் தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கிய மனிதர் துன் சம்பந்தன். தோட்டத்துக்காரன் வெள்ளியைக் காப்பாற்றப் பாடுபட்டவருடைய பெயரைச் சொல்லி ஒரு தோட்டத்துக்காரனிடமிருந்தே 960 வெள்ளியை வாங்கியிருக்கிறார் இந்தக் கடைக்காரர். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பணம் போன பிறகு குரல் மாறிவிட்டது. முதலில் தாள் வரவில்லை. அடுத்து மெஷின் பழுது, ஈப்போவிலிருந்து ஆள் வர வேண்டும். அப்புறம் தைப்பூச பேனர் வேலை தலைக்கு மேல். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் அவருடைய மனைவி, “அவரு கோயில்ல இருக்காரும்மா,” என்பார். உள்ளே அவர் போனில் பேசுவது வெளியே கேட்கும். மாதிரி ஒரு பக்கமாவது அடித்துக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். “நம்பிக்கை இல்லன்னா எப்படிம்மா?” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

நேர்முகத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் புத்தகம் கைக்கு வந்தது. இரண்டு காப்பி சொன்னதில் ஒன்று. கடை மூடுகிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கியபடி நீட்டினார்.

திறந்து பார்த்தேன். எழுத்தின் ஓரமெல்லாம் ரம்பப் பல். நான் கொடுத்தது கோடெல்லாம் கோடாகவே இருக்கிற பிடிஎஃப். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. அதைக் குறைந்த தரத்தில் படமாக மாற்றி அடித்தால்தான் இப்படி வரும். 0.13 மில்லிமீட்டர் கோடுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. செக்ஷனில் வெட்டுப்பட்ட சுவர்களின் கறுப்பு சாம்பலாகியிருந்தது. தட்டையான பைண்டிங் என்று சொல்லிவிட்டுச் சாதாரணப் பசை பைண்டிங் போட்டிருந்தார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்த தோட்டத்து மொத்த வரைபடத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விட்டது. பெரட்டுக்களம் இருந்த இடம் அதுதான்.

கையால் வரைந்த ஏழு தாளையும் ஸ்கேனே செய்யவில்லை. போனில் படம் பிடித்து ஒட்டியிருக்கிறார். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் லயமே சரிந்து நிற்கிறது. ஒரு படத்தில் அவருடைய கட்டைவிரலின் நிழல் அடுப்படி மேல் விழுந்திருக்கிறது. என்னிடமே, என் பாட்டி வீட்டின் மேலேயே!

எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று. அடிக்கும்போது ‘பக்கத்துக்குள் பொருத்து’ என்பதைப் போட்டு எல்லாப் பக்கத்தையும் சுருக்கியிருக்கிறார். கீழே 1:50 என்று எழுதியிருக்கிறது, படம் 1:50-இல் இல்லை. நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் அளவுகோலை எடுத்துக் கதவின் மேல் வைத்தார். 900 மில்லிமீட்டர் கதவு 1:50-இல் 18 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 17 கூட வரவில்லை. “இது எந்த அளவு?” என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்து மூல ஃபைலைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்தான். ஆனால் எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி அந்தக் கடைக்காரர் செய்ததை விளக்குவதிலேயே போய்விட்டது. என் வேலையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டேன். நீ கொடுத்த ஃபைல் அப்படித்தான் இருந்தது என்றார். சரி, என் ஏழு தாளையாவது கொடுங்கள் என்றேன். ஈப்போவில் இருக்கிறது என்றார். ஈப்போவில் எந்தக் கடை என்று அப்பா கேட்டார். அப்புறம் பேச்சு மாறியது: “தாளெல்லாம் அன்னைக்கே குடுத்துட்டேனே ண்ணே.” கடைசியாக என்னைப் பார்த்து, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்றார். 960 வெள்ளியை வாங்கிக்கொண்டு, ஆறு வெள்ளி கூடப் பெறாத புத்தகத்தைக் கொடுத்தவர் எனக்குக் குணம் சொல்லித் தருகிறார்.

முதல் நாள் மாதிரிக்காக அவர் காட்டிய புத்தகத்தின் கதையும் இப்போது தெரிந்துவிட்டது. அது எனக்கு முந்தின செட்டில் படித்த ஒரு அக்காவுடையது. கோலாலம்பூரில் அச்சடித்தது. சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க இந்தக் கடையில் கொடுத்திருக்கிறார், அது அங்கேயே தங்கிவிட்டது. அடுத்தவர் புத்தகத்தைக் காட்டித்தான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்.

போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்திலும் மனு போடுகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். 960 வெள்ளிக்கு எதற்கு அலைச்சல் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அப்பா எத்தனை ராத்திரி லாரியில் இருந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது.

நல்ல போர்ட்ஃபோலியோ எப்படிச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடியும். கையால் வரைந்த மூலத்தை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், ஸ்கேன் ஆகும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், பாதிக்கு மேல் முன்பணம் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் நிஜத் தாளில் அடித்துக் காட்டச் சொல்லி, அளவுகோல் வைத்துப் பாருங்கள். ‘100 விழுக்காடு அளவில்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வரைபடத்தில் எண்ணோடு அளவுப் பட்டையும் போடுங்கள், சுருக்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும்.

அந்தத் தாள்கள் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டியூபில் இருந்தன, மூடியில் வெள்ளை மார்க்கரால் ‘லயம்’ என்று எழுதியிருக்கும். அந்தக் கடைக்குப் போகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிற தம்பிமார், குப்பை அள்ளுகிறவர்கள் யாராவது பார்த்தால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். 960 வெள்ளியைத் தீர்ப்பாயத்தில் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முதலில் அந்த ஏழு தாள் வேண்டும்.