மூடுவதா, பாதி திறப்பதா, முழுவதும் திறப்பதா: பெருந்தொற்றுக் காலப் பள்ளிகள் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தபோது, நான் பணியாற்றிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்கு முன் முதல் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. 2020இல் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறி, தேர்வில்லாமல் அடுத்த வகுப்புக்கு மாற்றப்பட்டு, அன்றுதான் முதன்முதலாக வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்தார்கள். ஒரு சிறுமியிடம் சிலேட்டில் 'அ' எழுதச் சொன்னேன். அவள் வாலில் தொடங்கி, கீழிருந்து மேலாக, ஒரு படத்தை வரைவதுபோல் அதை வரைந்து முடித்தாள். எழுத்தின் வடிவத்தை அவள் கைபேசித் திரையில் பார்த்திருந்தாள். எங்கே தொடங்கி எப்படிச் சுழிக்க வேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்ட யாரும் இருந்ததில்லை.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளை முழுமையாகத் திறக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலேட்டுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது நம் முன் மூன்று வழிகள் இருந்தன: முழுவதும் மூடிவிட்டு இணையவழியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்துவது, சுழற்சி முறையில் பாதிப் பிள்ளைகளை வரவழைப்பது, எல்லோரையும் எல்லா நாளும் வரவழைப்பது. இம்மூன்றையும் தமிழ்நாட்டின் அனுபவத்தோடும், சில நாடுகளின் அனுபவத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொற்று உச்சத்தில் இருக்கும் சில வாரங்களைத் தவிர, தொடக்கப் பள்ளிகளை முழுமையாகத் திறக்க முடியும். திறக்கும்போது முதலில் வர வேண்டியவர்கள் சிறு பிள்ளைகள். தமிழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது.

முதலில் மூடுவதை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் வைரஸைப் பற்றி எவருக்கும் அதிகம் தெரியாத நிலையில் மூடியதையும், 2021 மே மாதத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியாகி, மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் ஆக்சிஜன் படுக்கைக்காகக் காத்துக் கிடந்த வாரங்களில் மூடி வைத்திருந்ததையும் யாரும் குறை சொல்ல முடியாது. என் குறை அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியது. 2021 ஜனவரியில் மாநிலத்தின் அன்றாடத் தொற்று ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. திரையரங்குகள் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, 2020 நவம்பர் 10 அன்று திறக்கப்பட்டுவிட்டன. அதே நவம்பரில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைத் திறப்பதாக அறிவிக்கப்பட்டு, பெற்றோரிடம் கருத்துக் கேட்கப்பட்டு, பின்னர் அம்முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகளும் தொடங்கின. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே அப்போது எழவில்லை.

வீட்டிலிருந்தே படிக்கலாமே என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அந்நாட்களில் உண்மையான உழைப்போடு பாடங்களை ஒளிபரப்பியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை திரையைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொள்வதில்லை. தான் எழுதியதை ஒருவர் பார்த்துத் திருத்தும்போதுதான் கற்றுக்கொள்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நான் காலை ஒன்பது மணிக்கு அனுப்பிய பயிற்சித்தாள், கட்டட வேலைக்குப் போன தகப்பனின் சட்டைப் பையிலேயே பகல் முழுவதும் இருந்து, இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து சேரும். அந்நேரத்துக்குப் பிள்ளை தூங்கியிருக்கும், அல்லது டேட்டா தீர்ந்திருக்கும். சத்துணவின் கதையும் இப்படித்தான். சமைத்த உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்கே வழங்கப்பட்டன, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அரிசி பிள்ளையின் தட்டுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. வருமானம் நின்றுபோன குடும்பத்தின் பொது உலையில் அது கலந்தது.

இழப்பின் அளவு பற்றி இப்போது நம்மிடம் நல்ல தரவுகள் இருக்கின்றன. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள், தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பெருந்தொற்றுக்கு முன்பும் பின்பும் அளந்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில், அதே வயதுப் பிள்ளைகள் முன்பு இருந்த நிலையை விடக் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும், மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். புள்ளியியல் பழக்கமில்லாதவர்கள் இதைக் கடந்துபோய்விடலாம் என்பதால் வேறொரு கணக்கையும் சொல்கிறேன். ஊரகக் குடும்பங்களில் எடுக்கப்படும் ஏசர் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம். முன்பும் நாம் பெருமைப்படும் நிலையில் இல்லை; இருந்ததிலும் பாதியை இழந்தோம்.

அடுத்தது சுழற்சி முறை. காகிதத்தில் பார்க்கும்போது இது நடுநிலையான வழியாகத் தெரியும். அதனால்தான் அதிகாரிகளுக்கும் பெற்றோருக்கும் எளிதில் பிடித்துப்போனது. ஒரு நாள் ஒரு பாதி, மறுநாள் மறு பாதி. வகுப்பில் ஐம்பது, அறுபது பேர் உட்காரும் நகரத்து மேல்நிலைப் பள்ளிகளில் பெஞ்சுக்கு இருவர் என்று அமர்த்த வேண்டுமானால் இதைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினேழு வயது மாணவர் வராத நாளில் புத்தகத்தைத் தானே புரட்டுவார் என்று ஓரளவு நம்பலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு வராத நாள் வெற்று நாள். திங்கட்கிழமை கற்ற உயிர்மெய் வரிசை செவ்வாய்க்கிழமை பயிற்சி இல்லாமல் புதன்கிழமைக்குள் மறைந்துவிடும். ஆசிரியர் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்துவார், இரண்டு முறையும் பாதிதான் நிற்கும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைச் சேர்த்துக் கவனிப்பவருக்கு இதில் ஏற்படும் களைப்பைச் சொல்லி மாளாது. அண்ணன் ஒரு நாள், தங்கை மறுநாள் என்று முறை வந்த வீடுகளில் தினமும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்ததால், தாய் நூறு நாள் வேலைக்கும் போக முடியாமல் நின்றதையும் நான் பார்த்தேன். மொத்தம் முப்பத்திரண்டு பிள்ளைகளும், காற்றோட்டமான இரண்டு அறைகளும், ஒரு வேப்பமரமும் உள்ள பள்ளிக்கு இந்த முறை ஒருபோதும் தேவைப்படவில்லை. சுழற்சி முறை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவாக வேண்டியது.

மூன்றாவது வழியான முழுத் திறப்பைப் பற்றிப் பேசும்போது, டென்மார்க்கையும் இஸ்ரேலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று, உலகமே மூடிக் கிடந்தபோது, குழந்தைகள் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான வகுப்புகளையும் முதலில் திறந்தது. சிறு பிள்ளைகளுக்கு நோயின் கடுமை குறைவு, அவர்களால் இணையவழியில் படிக்க முடியாது, அவர்கள் வீட்டில் இருந்தால் பெற்றோர் வேலைக்குப் போக முடியாது என்ற காரணங்களை அந்நாடு சேர்த்து எண்ணியது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு மற்றொரு குழுவோடு கலக்காமல், முடிந்தவரை திறந்தவெளியில் பாடம் நடத்தினார்கள். இஸ்ரேல் மே மாதத் தொடக்கத்தில் சில வகுப்புகளைக் கட்டுப்பாட்டோடு திறந்து, மே 17 அன்று வகுப்பின் அளவுக்கான வரம்பையும் நீக்கி எல்லாவற்றையும் திறந்தது. அடுத்த சில நாட்களில் கடும் வெப்ப அலை வீசியது. முகக்கவசம் அணிவதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. நெருக்கமான அறைகளில் ஏசி இடைவிடாது ஓடியது. ஜெருசலேமில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று உறுதியானது.

முழுவதும் திறந்தால் ஆபத்து என்று வாதிடுபவர்கள் இஸ்ரேலைக் காட்டுவார்கள். திறக்கலாம் என்பவர்கள் டென்மார்க்கைக் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பதின்ம வயதினரை அடைத்த அறையில், முகக்கவசம் இல்லாமல், ஏசி காற்றில் உட்கார வைப்பதும், சிறு பிள்ளைகளைச் சிறு குழுக்களாக மரத்தடியில் உட்கார வைப்பதும் ஒரே 'திறப்பு' ஆகாது என்பது விளங்கும். தமிழ்நாடு எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தது? பொதுத்தேர்வு எழுதுபவர்கள் முதலில், மழலையர் கடைசியில். நோய் எளிதில் பரவக்கூடிய வயதினர் முதலில் வந்தார்கள். இணையவழியில் ஒன்றுமே கற்க முடியாத வயதினர் இறுதிவரை காத்திருந்தார்கள். இத்தனைக்கும் 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே சரி என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளே திறக்கப்பட்டன. மதிப்பெண்தான் கல்வி என்று நாம் அனைவரும், ஆசிரியர்கள் உட்பட, நெடுங்காலமாக நம்பியதன் விளைவு இது. அந்த மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை: 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வும், 2021இல் பத்தாம் வகுப்புத் தேர்வோடு பிளஸ் டூ தேர்வும் கடைசியில் ரத்தாயின.

டென்மார்க்கோடு நம்மை ஒப்பிடலாமா, இங்கே தாத்தா பாட்டியோடு ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகள் அல்லவா என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இது நியாயமான கேள்வி; நான் பல நாள் யோசித்த கேள்வியும்கூட. அதற்கான பதிலின் ஒரு பகுதி, 2021 ஜூன், ஜூலையில் அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய நான்காவது ரத்த மாதிரி ஆய்வில் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் மூடியே இருந்த நிலையில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினரிடம், ஏற்கெனவே தொற்று வந்துபோனதற்கு அடையாளமான நோய் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. பள்ளிக் கதவைப் பூட்டியது பிள்ளைகளிடமிருந்து வைரஸைத் தள்ளி வைக்கவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த பெரியவர்களோடு அது வீட்டுக்கே வந்தது. மறு பகுதி, 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2021 மார்ச்சிலேயே தடுப்பூசி தொடங்கிவிட்டது என்பது. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பதைவிடப் பாட்டியைத் தடுப்பூசி முகாமுக்கு அழைத்துப்போவது அந்த வீட்டுக்கு அதிகப் பாதுகாப்பு.

ஆசிரியர்களின் பாதுகாப்பை மட்டும் என்னால் இவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை. சுவீடன் 2020 வசந்தத்தில் 16 வயதுக்கு உட்பட்டோரின் பள்ளிகளைத் திறந்தே வைத்து, மேல்நிலை வகுப்புகளை மட்டும் இணையவழிக்கு மாற்றியது. இரு தரப்பு ஆசிரியர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், நேரில் பாடம் நடத்திய கீழ் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தொற்று ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது; பெற்றோருக்கு ஏற்பட்ட கூடுதல் ஆபத்து சிறிதளவே. ஆகவே திறந்த பள்ளியின் சுமை முதலில் ஆசிரியர் மீதும், சத்துணவு சமைப்பவர் மீதும், தூய்மைப் பணியாளர் மீதும்தான் விழுகிறது. தடுப்பூசிக்கு முந்தைய மாதங்களில் நீரிழிவும் மூச்சிரைப்பும் உள்ள ஆசிரியரை அறைக்குள் அனுப்புவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அவருக்குத் தொலைக்காட்சிப் பாடம் தயாரிக்கும் பணியைக் கொடுத்திருக்கலாம். தடுப்பூசி வந்தபோது பள்ளிப் பணியாளர்களை முன்களப் பணியாளர்களாக முதல் வரிசையில் நிறுத்தியிருந்தால், திறப்பதற்கு எதிரான வாதங்களில் வலுவான ஒன்று அன்றே தளர்ந்திருக்கும்.

ஒமைக்ரான் அலையில், 2022 ஜனவரியில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு அப்போதும் இயங்கின. பிப்ரவரி 1 அன்று 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளும் ஒரே நாளில் திறந்தன. பெருந்தொற்று முடிந்துவிட்டதாக அன்று எவரும் அறிவித்திருக்கவில்லை. ஆக, பெருந்தொற்றுக்கு நடுவே முழுமையாகத் திறக்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடே செய்து காட்டிய பதில் அது.

அதன் பலனும் அளக்கப்பட்டது. மேலே சொன்ன 220 கிராம ஆய்வு, பள்ளி திறந்து ஏறக்குறைய ஆறு மாதங்களில், 2022 மே மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகக் கண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது: 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டு, மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகள். இவ்வளவு விரைவாக மீண்டார்கள் என்றால் மூடியதால் பெரிய கேடில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். மீட்டது எது என்று பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஒரு மனிதர்தான் மீட்டார். அந்தத் தெரு வகுப்புகளை, திறந்தவெளியில், பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு, 2020 செப்டம்பரிலேயே தொடங்கியிருக்கலாம் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மூடுவதற்கும் திறப்பதற்கும் இடையே இப்படியொரு நான்காவது வழி இருந்ததை நாம் ஓராண்டு தாமதமாகக் கண்டுகொண்டோம்.

இன்னொரு தொற்று வந்தால் எங்கள் பள்ளி போன்றவை முதல் உச்சம் தணிந்த உடனே திறக்கலாம். எதிரெதிர் ஜன்னல்களில் ஒன்றைப் பழைய மேசைகளை அடுக்கி மறைத்திருந்தோம். 2021 நவம்பரில் அதை நகர்த்தித் திறக்க அரை மணி நேரம் ஆனது. அந்த மாதம் மழை கொட்டியதால் மரத்தடி பயன்படவில்லை, ஜன்னல் பயன்பட்டது. ஆனால் சாலையோர இரைச்சலுக்கும் தூசிக்கும் அஞ்சி ஜன்னலை மூடி வைத்திருக்கும், ஓர் அறையில் அறுபது பேர் நெருங்கி உட்காரும் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே இப்போதுள்ள அறைகளை வைத்துக்கொண்டு சுழற்சி முறையைத் தவிர வேறெதையும் என்னால் பரிந்துரைக்க இயலவில்லை. கூடுதல் அறைகளும் கூடுதல் ஆசிரியர்களும் தொற்று வராத ஆண்டுகளிலேயே அங்கு வந்து சேர வேண்டும்.