லெமோ21 செல்கள்: சவ்வுப் புரதம் தயாரிப்போருக்கு ஒரு மதிப்புரை

செல்லைச் சூழ்ந்த சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்களை ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரிக்க முயலும் ஆய்வு மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்றுண்டு. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டை தடிமனாகத் தெரிகிறது, ஆனால் புரதம் சவ்வில் இல்லை, அடியில் படிந்த கட்டியில் கிடக்கிறது என்பார்கள். நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் விற்கும் லெமோ21 என்ற காம்பிடன்ட் செல்கள் (வெளி டிஎன்ஏவை ஏற்கத் தயார்செய்யப்பட்ட ஈ. கோலை செல்கள்) இந்தத் தொல்லைக்கென்றே உருவாக்கப்பட்டவை. தரமணிப் பக்கம் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில் இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன். புரதம் உருவாகும் வேகத்தைச் சவ்வு ஏற்கக்கூடிய அளவுக்குத் தணித்துக்கொள்ள வழி தருவதுதான் இந்தச் செல்லின் தனிச்சிறப்பு; மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இந்தத் தணிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பாக்டீரியா தன் உட்சவ்வில் புரதத்தைச் செருகும் முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். புரதம் கட்டும் ரைபோசோமிலிருந்து வெளிவரும் புரத இழையில் நீரை வெறுக்கும் முதல் பகுதி தலைகாட்டியதும், எஃப்எஃப்ஹெச் என்ற புரதமும் 4.5எஸ் ஆர்என்ஏவும் சேர்ந்த எஸ்ஆர்பி துகள் அதைப் பற்றிக்கொள்கிறது. இழை நீண்டு முடியும் வரை அது காத்திருப்பதில்லை. வெறும் நீரில் விடப்பட்டால் அந்தப் பகுதி தன்னைப் போன்றவற்றோடு ஒட்டிக் கட்டியாகிவிடும் என்பதால், மொழிபெயர்ப்பு (மரபுச்செய்தியைப் படித்து இழையைக் கட்டும் வேலை) நடந்துகொண்டிருக்கும்போதே ரைபோசோமைச் சவ்வருகே கொண்டுசேர்த்துவிடுகிறது. அங்கே எஃப்டிஎஸ்ஒய் என்ற ஏற்பி அதை வரவேற்கிறது. துகளும் ஏற்பியும் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறைச் சிதைத்துப் பிரிந்ததும், இழை செக்ஒய்இஜி என்ற வாயிலிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இந்த வாயிலின் அமைப்பு வியப்புக்குரியது. 2004இல் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகையைச் சேர்ந்த ஒன்றின் வாயில் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் மூலம் வடிவம் கண்டபோது, நடுவில் குறுகிய மணற்கடிகை போன்ற குழாயும், அதை அடைக்கும் சிறு சுருளும், பக்கவாட்டில் கொழுப்பை நோக்கித் திறக்கக்கூடிய பிளவும் தெரியவந்தன. நீரை விரும்பும் பகுதி குழாய் வழியே மறுபுறம் செல்லும்; நீரை வெறுக்கும் பகுதி பக்கப்பிளவு வழியே கொழுப்புக்குள் நழுவும். ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு ஆல்ஃபா சுருள், சவ்வின் கொழுப்பு நடுப்பகுதியைக் கடக்கப் போதுமான நீளம். கொழுப்பினுள் நீர் மூலக்கூறு இல்லாததால் முதுகெலும்பு எனப்படும் தன் மையச் சங்கிலியின் ஹைட்ரஜன் பிணைப்புகளைப் புரதம் தனக்குள்ளேயே நிறைவுசெய்தாக வேண்டும். சுருள் வடிவம் அதற்கு வசதியானது. கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் வெளியிட்ட, புரத இழை எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஆல்ஃபா சுருளின் இடமும் ஒன்று என்பதை, இந்த ஊரில் இருந்துகொண்டு குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. சுருளின் எந்த முனை உள்ளே நிற்கும் என்பதற்கும் ஒரு விதி உண்டு: நேர்மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினினும் லைசினும் மிகுந்த பக்கம் பெரும்பாலும் செல்லின் உட்புறமே தங்கும். 1986இல் குன்னர் வான் ஹெய்னெ எடுத்துக்காட்டிய இந்த ஒழுங்கு, புரத வரிசையைப் பார்த்தே அதன் நிலையை ஊகிக்க இன்றும் உதவுகிறது.

எல்லாப் புரதமும் இதே வாயிலைத் தேடிப் போவதில்லை. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் ஏடிபி சின்தேஸின் 79 அமினோ அமிலங்களே கொண்ட சி துணையலகு போன்ற சிறியவற்றை யிட்சி என்ற இன்னொரு புரதம் தனியாகவே செருகிவிடும். பெரியவற்றில் அதே யிட்சி செக் வாயிலுக்குத் துணையாக நிற்கிறது. அதன் உறவுப் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் உள்ளன.

இப்போது நம் சிக்கலுக்கு வருவோம். ஒரு செல்லில் ரைபோசோம்கள் பல்லாயிரம் இருக்க, செக் வாயில்களோ சில நூறு என்ற அளவில்தான் மதிப்பிடப்படுகின்றன. புரதத் தயாரிப்புக்கு வழக்கமாகப் பயன்படும் பிஎல்21 டிஇ3 என்ற ஈ. கோலை செல்லில், நம் மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் முழு வேகத்தில் ஓடும்போது, வாயில் ஏற்பதைவிடப் பல மடங்கு இழைகள் வந்து குவிகின்றன. வாயில் நிரம்பிவிட்டால் நாம் கேட்ட புரதம் மட்டும் தேங்குவதில்லை. செல் தன் சொந்தத் தேவைக்கு அனுப்ப வேண்டிய புரதங்களும் வெளியே செல்ல வழியின்றிச் சைட்டோபிளாசத்தில் திரள்கின்றன, சுவாசத் தொடர் குன்றுகிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது. வைகுண்ட ஏகாதசியன்று திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் சொர்க்கவாசலை அகலப்படுத்த முடியாது. கூட்டத்தைத் தொலைவிலேயே நிறுத்திப் பகுதி பகுதியாக அனுப்புவதுதான் முடியும்.

லெமோ21 செய்வது அதைத்தான். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகக் குழுவொன்று 2008இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த இந்தச் செல்லில், டி7 பாலிமரேஸைத் தடுக்கும் டி7 லைசோசைம், பிலெமோ என்ற கூடுதல் பிளாஸ்மிடில் (தனி டிஎன்ஏ வளையத்தில்) ரேம்னோஸ் சர்க்கரையின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டுள்ளது. ரேம்னோஸ் கூடக்கூடத் தடுப்பான் கூடும், புரத உற்பத்தி குறையும். பூஜ்யம் முதல் 2000 மைக்ரோமோலார் வரை வரிசையாகக் குடுவைகள் வைத்தால், குறிப்பிட்ட புரதத்துக்கு உகந்த வேகம் எது என்பது ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

ஆறு சுருள்கள் கொண்ட ஒரு கடத்திப் புரதத்தில் நாங்கள் இதைச் சோதித்தோம். புரதத்தின் வால் முனை செல்லின் உட்புறம் இருந்ததால் அதில் பச்சை ஒளிர் புரதத்தை இணைத்தோம். சவ்வில் சரியாகச் செருகப்பட்டால் ஒளிரும், கட்டியானால் ஒளிராது என்பதால் சுத்திகரிப்பு வரை போகாமலேயே விடை கிடைத்தது. ரேம்னோஸ் சேர்க்காத குடுவையில் வளர்ச்சி சீக்கிரமே படுத்துவிட்டது. ஜெல்லில் பட்டை பெரிது, ஒளியோ மங்கல். இடைப்பட்ட அளவுகளில் பட்டை சிறுத்தாலும் ஒளி கணிசமாகக் கூடியது, செல்களும் கலங்கலாக நன்றாக வளர்ந்தன. ரேம்னோஸ் மிக அதிகமான குடுவைகளில் செல் ஆரோக்கியமாக இருந்தது, புரதம்தான் அரிதாயிற்று. பட்டையின் தடிமனைப் பார்த்து மகிழும் பழக்கமுள்ள வழிகாட்டிகளுக்கு இந்த முடிவைக் காட்டிப் புரியவைப்பது தனி வேலை.

குறைகளும் உண்டு. பிலெமோ பிளாஸ்மிடைச் செல் இழக்காமலிருக்கக் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் தேவை; ஆகவே நம் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடில் அதே எதிர்ப்பு மரபணுவோ, பிலெமோவில் உள்ள பி15ஏ வகை நகலெடுப்புத் தொடக்கப்புள்ளியோ இருக்கக் கூடாது. பழைய வழக்கத்தில் ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்ப்பவர்கள் அதைக் கைவிட வேண்டும். ரேம்னோஸ் தொடக்கியை (தடுப்பான் மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியை) குளுக்கோஸ் முடக்கும், பிறகு கட்டுப்பாடு என்று எதுவும் மிஞ்சாது. சாதாரண பிஎல்21 செல்களைவிட விலையும் அதிகம்.

சென்னைக்கே உரிய தொல்லைகள் வேறு. 30 டிகிரி செல்சியஸில் வளர்ப்பதுதான் இந்தச் செல்களுக்கு உகந்தது. ஆனால் வெப்பமூட்ட மட்டுமே தெரிந்த ஷேக்கர் (குடுவைகளைக் குலுக்கி வளர்க்கும் கருவி) மே மாதத்தில் அந்த வெப்பநிலைக்கு இறங்கவே இறங்காது. குளிரூட்டும் வசதியுள்ள ஷேக்கர் இல்லாத ஆய்வகம் செல்களை வாங்கும் முன் அதை யோசிக்க வேண்டும். கழித்தல் 80 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள் என்பதால் டிரை ஐஸ் பெட்டி வந்து சேரும் நாளும் முக்கியம். வெள்ளிக்கிழமை மாலை மீனம்பாக்கம் வந்திறங்கிய எங்கள் பெட்டியை ஒரு விநியோகஸ்தர் திங்கட்கிழமை வரை தம் கிடங்கிலேயே வைத்திருந்து, டிரை ஐஸ் முழுவதும் ஆவியான பின் கொண்டுவந்து கொடுத்தார். செல்களின் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. மாற்றித் தந்தார்கள், ஆனால் பல முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. வாரத் தொடக்கத்தில் அனுப்பும்படி கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

மாற்றாகச் சி41, சி43 என்ற ஈ. கோலை செல்கள் இருக்கின்றன. 1996இல் மிரூவும் வாக்கரும் வெளியிட்ட இவை, நச்சுத்தன்மை காட்டிய புரதங்களைத் தாங்கிப் பிழைத்த செல்களிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டவை. டி7 பாலிமரேஸை இயக்கும் தொடக்கியில் ஏற்பட்ட திடீர்மாற்றமே அவற்றின் பொறுமைக்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. அதாவது அங்கும் வேகம் குறைக்கப்பட்டதே மருந்து, ஆனால் அளவை நாம் மாற்ற முடியாது. உங்கள் புரதத்துக்கு அந்த நிலையான வேகம் பொருந்திவிட்டால் லெமோ21க்குச் செலவிட வேண்டியதில்லை. நான் முதலில் சி43இல் முயன்று பார்க்கவே சொல்வேன். பொருந்தாதபோதும், ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய பல புரதங்கள் கையில் இருக்கும்போதும் லெமோ21 தன் விலையை ஈடுசெய்கிறது.

பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் பீட்டா பீப்பாய்களாக அமரும் போரின் என்ற துளைப் புரதங்களைத் தயாரிப்பவர்கள் நிறைய எதிர்பார்க்க வேண்டாம். அவை செக் குழாயை முழுவதும் கடந்து, துணைப்புரதங்களின் கைப்பிடியில் இரு சவ்வுகளுக்கிடையேயான இடைவெளியைத் தாண்டி, பாம் என்ற வேறொரு அமைப்பால் செருகப்படுபவை. அவற்றுள் பலவற்றைக் கட்டியாகவே எடுத்து டிடர்ஜென்ட்டில் மறுபடி மடக்கிவிட முடியும் என்பதால், அதற்குச் சாதாரண பிஎல்21 போதும். மனிதச் சவ்வுப் புரதங்களுக்கும் இது உத்தரவாதம் ஆகாது: ஈ. கோலையின் சவ்வில் கொலஸ்ட்ரால் இல்லை, சர்க்கரைச் சங்கிலி ஒட்டும் வசதியும் நமக்கு வேண்டிய வகையில் இல்லை. பாக்டீரியாவின் உட்சவ்வுப் புரதம், குளிரூட்டும் ஷேக்கர், ஒளிர்வு அளக்கும் கருவி ஆகிய மூன்றும் உள்ள ஆய்வகங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.