கிறைண்டர் தூளுக்கு வெக்யூம் வாங்கலாமா?

போன கிழமை என் வெக்யூம் கிளீனருக்கு இரண்டாவது தடவையாகக் காபன் (மோட்டரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும், தேய்ந்துபோகும் கரித் துண்டு) மாற்றிக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரமே தெகிவளை நண்பன் ஒருவன் போன் எடுத்தான். "மச்சான், கிறைண்டரால் இரும்பு தேய்க்கிறபோது வரும் தூளை அள்ள உன்னிடம் இருக்கிற மாதிரி ஒன்று வாங்கட்டா?"

என்னுடையது தண்ணீரும் இழுக்கும் டிரம் வகை, 20 லீற்றர். 2021இல், டொலர் 200 ரூபாவில் நின்றபோது, பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். இழுவையில் குறை சொல்லவே மாட்டேன். பலகைத் தூள், சீமெந்துத் தூள், மழைக்குக் குசினிக்குள் ஏறிய தண்ணீர், எல்லாவற்றையும் இழுத்தது. இன்றைக்கும் அதே வேகம்தான்.

இரும்புத் தூள் என்று வந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் வீடு வெள்ளவத்தையில், றெயில் பாதைக்குக் கிட்ட. பட்டறை என்பது குசினிக்குப் பின்னால் எட்டடி இடம். அதை ஒட்டித்தான் உடுப்புக் காயப்போடும் கொடி. நாலு இஞ்சிக் கிறைண்டரால் ஒரு கேற் பிணைச்சலைத் தேய்த்துவிட்டு வெக்யூமைப் போட்டால் பெரிய தூள் டிரம்முக்குள் போகும். மா போன்ற நைஸ் தூள் துணி பில்டருக்குள்ளால் புகுந்து, காற்று வெளியேறும் வாயால் அப்படியே கொடிப் பக்கம் வரும். கண்ணுக்குத் தெரியாது. கடல் உப்புக் காற்றில் விடிவதற்குள் துருவேறிவிடும். மகளின் வெள்ளைச் சீருடையில் எத்தனை தடவை மண்ணிறப் புள்ளிகள்! முதல் தடவை தெரியாமல் புளீச் போட்டோம், கறை இன்னும் இறுகியது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்தபோதுதான் மங்கியது.

காபன் மாற்றிய பாஸ் மோட்டரைக் கழற்றிக் காட்டினார். கம்பிச் சுருளெல்லாம் கறுப்பு. இரும்புத் தூள் கரண்ட் கடத்தும், உள்ளே பொறி பறக்கும், காபன் கெதியாகத் தேயும் என்றார். மரத்தூளுக்கு மட்டும் பாவித்திருந்தால் இந்தச் செலவு இவ்வளவு கெதியாக வந்திராது.

இப்போது நான் செய்வது வேறு. பழுதான ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றி, சொப்பிங் பைக்குள் போட்டு, நிலத்திலும் வைஸ் மேலும் மெதுவாக இழுப்பேன். தூள் முள்ளம்பன்றி போல் எழுந்து ஒட்டும். பையை உட்புறம் வெளியே திருப்பிக் காந்தத்தைப் பிரித்தால் முழுவதும் பைக்குள். முதல் நாள் இதைப் பார்த்து அப்படியொரு சந்தோஷம்! டிஸ்க்கில் இருந்து உதிரும் மணலும் சில வகை ஸ்டெயின்லெஸ் தூளும் காந்தத்தில் வராது. அதற்கு ஈரத்துணி போதும். தும்புத்தடியால் கூட்டினால் நைஸ் தூள் எழும்பி மூக்குக்குள் போகும்.

இன்னொன்று, தேய்த்த கையோடு வெக்யூம் போடவே கூடாது. பொறி என்பது எரிகிற இரும்பு. டிரம்மில் பழைய மரத்தூள் கிடந்தால் உள்ளுக்குள் புகையத் தொடங்கும். ஒரு தடவை அந்த மணம் வந்து, டிரம்மைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அலுமினியத் தூளை இதற்குள் இழுக்கவே வேண்டாம், அது வெடிக்கக்கூடியது.

சரி, நண்பனுக்குச் சொன்ன பதில்: வாங்காதே. நல்ல மெஷின்தான், ஆனாலும் வாங்காதே. அந்தக் காசில் முதலில் நல்ல மாஸ்க் வாங்கு. ஸ்பீக்கர் காந்தம் என்னிடம் இன்னொன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.