கையடக்க ஆன்டெனா அனலைசர்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஆன்டெனாவின் மின் குணங்களை அளக்கும் அனலைசரின் திரையில் முதலில் கண்ணில் படுவது எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) என்ற எண்தான்; நாம் அனுப்பும் ஆற்றலில் எதுவும் திரும்பி வராவிட்டால் அது 1, திரும்பி வருவது கூடக்கூட அதுவும் கூடும். அமெச்சூர் வானொலியாளர்களில் பெரும்பாலோர் இந்தக் கருவியை வாங்குவதும் அந்த எண்ணுக்காகவே. ஒரு கையடக்க அனலைசரைச் சில ஆண்டுகளாகக் கம்பி ஆன்டெனாக்களிலும், செங்குத்து ஆன்டெனாக்களிலும், விதவிதமான கோஆக்சியல் கேபிள்களிலும் பயன்படுத்திவருகிறேன். எஸ்.டபிள்யூ.ஆருக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் இரண்டு எண்களுக்காகத்தான், அதாவது மின்தடைக்காகவும், மின்தூண்டலாலோ மின்தேக்கத்தாலோ எழும் எதிர்ப்பான ரியாக்டன்ஸுக்காகவும்தான், இக்கருவி கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிரான்ஸீவருக்கும் (அனுப்பவும் பெறவும் உதவும் வானொலிக் கருவி) ஆன்டெனாவுக்கும் இடையில் வைக்கும் சாதாரண எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வேலை செய்ய வேண்டுமானால், நாம் உண்மையிலேயே ஒலிபரப்ப வேண்டும். அதுவும் நமக்கு அனுமதிக்கப்பட்ட பேண்டுக்குள் (அதிர்வெண் பட்டைக்குள்) மட்டுமே முடியும். புதிதாகக் கட்டிய டைபோலின் (நடுவில் கேபிள் இணையும் இருபக்கக் கம்பி ஆன்டெனா) ஒத்ததிர்வு, அதாவது ரியாக்டன்ஸ் பூஜ்யமாகும் அதிர்வெண், பேண்டுக்கு வெளியே எங்கோ இருந்தால், அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அந்த மீட்டரைக் கொண்டு நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அனலைசர் தானே மிகச் சிறிய அளவில் ஒரு சமிக்ஞையை உண்டாக்கி, நாம் கேட்ட அதிர்வெண் பரப்பு முழுவதையும் சில நொடிகளில் துழாவி, வரைபடமாகவே காட்டிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் கட்டும்போது, 143ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும் என்ற பழைய கணக்குப்படி 20.1 மீட்டர் வருகிறது. மேலுறையுள்ள கம்பியாக இருந்தாலோ, தரைக்கு அருகில் கட்டினாலோ இந்த நீளம் மாறும் என்பதால் 20.9 மீட்டராக விட்டுக் கட்டுவது வழக்கம். ஏற்றிக் கட்டிய பின் அனலைசரில் பார்த்தால் ரியாக்டன்ஸ் 6.85 மெகாஹெர்ட்ஸில் பூஜ்யத்தைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய நீளத்தை 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.16 மீட்டர். ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். அந்த 37 சென்டிமீட்டரை வெட்டாமல், கம்பியை மடக்கி அதன் மீதே இறுக்கமாகச் சுற்றிவிட்டு மறுபடியும் அளக்கலாம். முன்பு பாதி நாளைத் தின்ற வேலை, ஓரிரு முறை கம்பத்திலிருந்து இறக்கி ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறது.

அங்கே நான் பார்த்தது ரியாக்டன்ஸ் பூஜ்யமாகும் இடத்தைத்தானே தவிர, எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருக்கும் இடத்தை அன்று. இரண்டும் பெரும்பாலும் அருகருகே இருக்கும்; ஆனால் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மின்தடை 73 ஓம் இருக்கும் டைபோல், சரியான ஒத்ததிர்வில் இருந்தாலும் 50 ஓமுக்கு வடிவமைத்த கருவியில் 1.46 என்றுதான் காட்டும். அதை 1.0 ஆக்கிவிட வேண்டும் என்று கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை. எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வரும் ஆற்றல் 4 விழுக்காடு மட்டுமே. 2 என்றாலும் 11 விழுக்காடுதான்.

எண் நன்றாக இருந்து ஆன்டெனா மோசமாக இருக்கும் நிலைதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. செங்குத்தான கால் அலை ஆன்டெனாவை எடுத்துக்கொள்வோம். மிக நல்ல தரையமைப்பின் மேல் அதன் மின்தடை ஏறத்தாழ 36 ஓம். அடியிலிருந்து தரையில் பரப்பும் ரேடியல் கம்பிகள் போதாமல் மண்ணிலேயே 14 ஓம் அளவுக்கு இழப்பு ஏற்பட்டால், இரண்டும் சேர்ந்து 50 ஓம் ஆகி, எஸ்.டபிள்யூ.ஆர். மிக அழகாக 1.0 என்று காட்டும். ஆனால் நாம் அனுப்பும் ஆற்றலில் 28 விழுக்காடு மண்ணைச் சூடாக்கப் போய்விடும். ரேடியல்களைக் கூட்டக் கூட்ட மின்தடை 50இலிருந்து 40ஐ நோக்கி இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். உயரும், ஆன்டெனாவோ மேம்படும். என்னுடைய செங்குத்து ஆன்டெனாவுக்கு ஒவ்வொரு ஜோடி ரேடியலாகப் பரப்பி, ஒவ்வொரு முறையும் அடியில் மின்தடையைக் குறித்துக்கொண்டே வந்தேன். தொடக்கத்தில் வேகமாக இறங்கிய மின்தடை, போகப்போகத் தயங்கித் தயங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டது. இருக்கும் இடத்தில் இதற்கு மேல் கம்பி பரப்பிப் பெரிய பயன் இல்லை என்று எனக்கு உணர்த்தியது அந்த வரிசைதான். எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் காட்டும் கருவி கையில் இருந்திருந்தால், வேலை முன்னேற முன்னேற அது எனக்குப் பின்னடைவைத்தான் காட்டியிருக்கும்.

அடுத்து, எங்கே வைத்து அளக்கிறோம் என்ற கேள்வி. அனலைசர் தன் சொந்த முனையில் தெரியும் மின்மறுப்பைத்தான் (மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்தது) அளக்கிறது. கேபிளின் மறுகோடியில் இருக்கும் ஆன்டெனாவை அது நேரில் பார்ப்பதில்லை. இடையிலுள்ள கேபிள் அந்த மின்மறுப்பை அதிர்வெண்ணுக்கு ஏற்ப உருமாற்றிவிடுகிறது. கேபிளின் மின்சார நீளம் அரை அலையின் முழு மடங்காக இருந்தால் மட்டுமே ஆன்டெனாவின் மின்மறுப்பு அப்படியே இந்தப் பக்கம் வந்து சேரும். ஆகவே வானொலி அறையில் உட்கார்ந்தபடி கேபிள் வழியாகப் படித்த மின்தடையையும் ரியாக்டன்ஸையும் ஆன்டெனாவின் குணங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. கருவி கையடக்கமாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது: அதை நேராக ஆன்டெனாவின் இணைப்பு முனைக்கே எடுத்துச் சென்று பொருத்திவிடலாம்.

கேபிள் இழப்பு இதைவிட நுட்பமாக ஏமாற்றும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 144 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழப்பு உண்டு. 15 மீட்டர் ஓடினாலே 3 டெசிபல், அதாவது பாதி ஆற்றல், போய்விடும். அப்படிப்பட்ட கேபிளின் மறுமுனையில் ஆன்டெனா அறுந்து விழுந்து முனை வெறுமனே திறந்து கிடந்தாலும், போகும்போது 3, வரும்போது 3 என்று 6 டெசிபல் குறைந்து, இந்த முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத்தாழ 3 என்றுதான் தெரியும். இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். மறுமுனையைத் திறந்துவிட்டு, இங்கே ரிட்டர்ன் லாஸ், அதாவது திரும்பி வரும் சமிக்ஞை எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது, என்று பார்த்து, அதில் பாதியை எடுத்தால் கேபிளின் ஒருவழி இழப்பு கிடைத்துவிடும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் வெளியில் ஓடும் எல்லாக் கேபிள்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்து, ஒரே குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். கனெக்டர் வழியாக ஈரம் இறங்கிய ஒரு கேபிளை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அதனோடு இணைந்த ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். கோடு முந்தைய ஆண்டைவிடத் தட்டையாகவும் அகலமாகவும், பார்ப்பதற்கு நன்றாகவும் மாறியிருந்தது. ஆன்டெனாவில் எதையும் தொடாமலே கோடு தானாக நன்றாகிவிட்டால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேபிள் துண்டுகளை அளந்து வெட்டுவது நான் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி பயன்படும் வேலையாக அமைந்தது. முழு அலை லூப் ஆன்டெனாவின் மின்தடை 100 ஓமை ஒட்டி இருக்கும். இடையில் 75 ஓம் கேபிளில் கால் அலைத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் அது 56 ஓமாகத் தெரியும். 14.2 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது வெற்றிடத்தில் 5.28 மீட்டர். திட பாலிஎத்திலீன் கேபிளின் திசைவேகக் காரணி (வெற்றிடத்தை ஒப்பிட அலை அதில் செல்லும் வேகம்) 0.66 என்பதால் வெட்ட வேண்டியது 3.48 மீட்டர். நுரை நிரப்பிய கேபிளாக இருந்தால் அந்தக் காரணி 0.8ஐ ஒட்டி இருக்கும். அதுவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். எனவே அட்டவணையை நம்பாமல், துண்டைச் சற்று நீளமாக வெட்டி, மறுமுனையைத் திறந்தே விட்டு அனலைசரில் பொருத்துகிறேன். கால் அலையாக இருக்கும் அதிர்வெண்ணில் அந்தத் துண்டு குறுக்குச்சுற்றுப் போலத் தெரியும்: ரியாக்டன்ஸ் பூஜ்யம், மின்தடை ஓரிரண்டு ஓம். அந்தப் புள்ளி 14.2க்குக் கீழே இருந்தால் சிறிது சிறிதாக நறுக்கிக்கொண்டே வந்து, சரியாக அங்கே வந்து நின்றதும் நிறுத்திவிடலாம். கத்தரிக்கோலின் ஒவ்வொரு நறுக்கலுக்கும் அந்தப் புள்ளி மேலே நகர்வதைத் திரையில் பார்ப்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி குறையவில்லை.

ரியாக்டன்ஸின் குறி, அதாவது அது மின்தூண்டல் வகையா மின்தேக்க வகையா என்பது, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. நெடுங்காலம் பலரும் வைத்திருந்த எம்எஃப்ஜே-259பி அனலைசர் குறியைக் காட்டாது. அளவை மட்டுமே காட்டும். அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தி, எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். டைபோலின் இணைப்பு முனையிலேயே வைத்து அளக்கும்போது இந்த ஊகம் சரியாக வரும்; நீண்ட கேபிளின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தவறான முடிவுக்கும் கொண்டுபோகக்கூடும். என்னுடைய கருவி குறியுடன் காட்டுகிறது. ஆன்டெனா நீளமா குட்டையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுவதால், இந்த வசதி இல்லாத கருவிக்கு நான் திரும்பிப் போகமாட்டேன்.

இக்கருவியின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். உள்ளே வரும் சமிக்ஞை எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும் அதை டையோடு கொண்டு உணரும் வகைக் கருவிகள், அருகில் சக்திவாய்ந்த ஒலிபரப்பு நிலையம் இருந்தால் தடுமாறும். குறிப்பாக 1.8, 3.5 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளுக்கான நீண்ட கம்பிகள் நிலையத்தின் ஆற்றலை வாங்கிக் கருவிக்குள் கொட்டுகின்றன. அடுத்தடுத்து எடுத்த இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் துடித்தால், அந்த அளவீட்டை நம்பக்கூடாது. இன்னொரு அடையாளமும் உண்டு: கேபிளைக் கையால் பிடிக்கும்போதோ இடம் மாற்றி வைக்கும்போதோ எண்கள் மாறினால், கேபிளின் வெளியுறையிலும் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். ஆன்டெனாவின் இணைப்பு முனையில் ஃபெர்ரைட் சோக் (அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) ஒன்றைப் போட்டு அதை அடக்காதவரை, அளப்பது ஆன்டெனாவை மட்டுமன்று, கேபிளையும் நம் உடலையும் சேர்த்தேதான்.

கருவியைக் கெடுக்கக்கூடியவை முக்கியமாக இரண்டு. நீண்ட கம்பியில் தேங்கியிருக்கும் நிலைமின்னூட்டம் ஒன்று. ஆகவே பொருத்துவதற்கு முன் கேபிளின் நடுக்கம்பியையும் உறையையும் ஒரு முறை தொடவிட்டு மின்னிறக்கம் செய்வது என் மாறாத வழக்கம். அருகிலுள்ள வேறொரு ஆன்டெனாவில் ஒலிபரப்பு நடப்பது மற்றொன்று. அப்போது அனலைசர் எதனோடும் இணைந்திருக்கக் கூடாது. பேட்டரியைப் பொறுத்தவரை, மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் செல்களைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வெயிலில் திரை தெளிவாகத் தெரிவதும், கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான்கள் இருப்பதும் கடை விவரக்குறிப்பில் இடம்பெறாத, ஆனால் ஏணியின் மேல் நிற்கும்போது மிகவும் வேண்டியிருக்கும் குணங்கள்.

சிறிய வெக்டர் நெட்வொர்க் அனலைசரான நானோவிஎன்ஏ வந்த பிறகு தனி அனலைசர் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சிறிய கருவிக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதால் வடிகட்டிகளையும் சோக்குகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளக்கலாம். அனலைசரால் அது முடியாது. ஆனால் அதிர்வெண் பரப்பை மாற்றும்போது, திறந்த முனை, குறுக்குச்சுற்று, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் வைத்து மறுபடியும் அளவுத்திருத்தம் செய்துகொள்வதே முறை. சிறிய எஸ்எம்ஏ கனெக்டரில் கனமான கேபிளை நேரடியாகத் தொங்கவிடவும் முடியாது. மேசையில் நானோவிஎன்ஏ, மாடியிலும் கம்பத்தடியிலும் அனலைசர் என்று இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். 435 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் பேண்டுகளில், இணைக்கும் அடாப்டரின் சில சென்டிமீட்டர் நீளமே அளவீட்டைத் திருப்பிவிடும். கால் அலையே அங்கே 17 சென்டிமீட்டர்தான். அங்கே அடாப்டரின் முனையில் வைத்தே அளவுத்திருத்தம் செய்ய இடங்கொடுக்கும் கருவியைத்தான் எடுக்க வேண்டும். 30 மெகாஹெர்ட்ஸுக்குள் கம்பி ஆன்டெனாக்களோடு மட்டும் வேலை செய்பவர்களுக்கு, குறியுடன் ரியாக்டன்ஸைக் காட்டும், உறுதியான கனெக்டர் உள்ள ஒற்றை முனைக் கருவியே போதும்.