5 ரூபாய் ஸ்டாம்பு இன்னும் வேலை செய்கிறது

அஞ்சலட்டை 50 காசு, இன்லேண்ட் லெட்டர் 2 ரூபாய் 50 காசு, கவரில் போடும் கடிதம் 20 கிராமுக்கு 5 ரூபாய். பல வருடங்களாக இந்த விலைகள் அசையவில்லை. மாறியதெல்லாம் சுற்றியிருந்தவைதான். கடிதம் போட்டதற்குச் சான்றாக இருந்த யு.பி.சி. 2011இல் போனது. தந்தி 2013 ஜூலையில் நின்றது. புத்தகங்களையும் இதழ்களையும் மலிவாக அனுப்ப இருந்த புக் போஸ்ட் 2024 டிசம்பரில் கைவிடப்பட்டது. ரிஜிஸ்டர் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டுக்குள் கரைந்துவிட்டது. கவுன்ட்டரில் ஸ்டாம்பு கிழித்துத் தந்த இடத்தில் இப்போது பார்கோடு ஸ்டிக்கர் வருகிறது. இத்தனைக்கு நடுவிலும் கடிதம் எழுதுவதும் ஸ்டாம்பு சேர்ப்பதும் நடக்கிற காரியம்தான். எந்தத் தபால் எதற்கு என்று தெரிந்து போட வேண்டும், அவ்வளவே.

முதலில் எடை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். சாதாரண நீளக் கவரும் 5 கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். இரண்டு தாள் வைத்தால் 15 கிராம், பயமில்லை. மூன்றாவது தாள் வைத்ததும் 20ஐத் தொட்டு நிற்கும். ஸ்டாம்பும் பசையும் சேர்ந்தால் தாண்டிவிடும். 20க்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் இன்னொரு 5 ரூபாய். அதை ஒட்டாமல் விட்டால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைக் கடிதம் பெறுபவரிடம் கேட்பார்கள். பழைய ஆட்கள் பேரிங் தபால் என்பார்களே, அதுதான். அன்பாக எழுதிய கடிதத்துக்கு எதிராளி காசு கட்ட வேண்டியிருப்பது நன்றாக இருக்காது. நீளமாக எழுதும் வழக்கமுள்ளவர்கள் 70 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறலாம். அது தாளுக்கு 4.4 கிராம்தான், மூன்று தாளும் கவரும் சேர்ந்து ஏறக்குறைய 18 கிராம். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அஞ்சலட்டை எல்லா அஞ்சலகத்திலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. துணை அஞ்சலகத்தில் இல்லை என்றால் தலைமை அஞ்சலகத்தில் கேட்கலாம். 50 காசு நாணயம் புழங்காத காலம் என்பதால் பத்துப் பத்தாக வாங்குவதே இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. அட்டையின் முகவரிப் பக்கத்தில் வலது பாதி முகவரிக்கு மட்டும்; இடது பாதியில் எழுதலாம். இடம் போதவில்லையென்று வலது பக்கத்துக்கும் எழுத்தை ஓட்டினால் பின்கோடு அதில் தொலைந்துபோகும். 50 காசு என்பது கையால் எழுதும் அட்டைக்குத்தான். செய்தியை அச்சடித்த அட்டைக்கு 6 ரூபாய், போட்டிகளுக்கு விடை எழுதிப் போடும் அட்டைக்கு 10 ரூபாய். கல்யாண அழைப்பையோ புத்தாண்டு வாழ்த்தையோ அட்டையில் அச்சடித்து 50 காசில் அனுப்பலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது. ஒரு போட்டோவோ நூறு ரூபாய்த் தாளோ உள்ளே இருப்பது தெரிந்தால் அதுவும் பேரிங் கணக்கில் போய்விடும். தாள் மெல்லியது, மைப்பேனா எழுத்து மறுபக்கம் ஊறும், மடிப்பில் பரவும். பால்பாயின்ட்டோ மெல்லிய நிப்போ நல்லது. மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்தால் மழைக்காலத்தில் ஓரப் பசை தானாகவே ஒட்டிக்கொள்ளும். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, மேலே பாரம் இல்லாமல் வைப்பதுதான் வழி.

கவர் மேல் முகவரி எழுத ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தபால்காரரின் பை நனைந்தால் ஜெல் எழுத்து நீல மேகமாகிவிடும். ராயல் ப்ளூ மைகளில் பெரும்பாலானவையும் தண்ணீரில் கரைபவையே. உள்ளே எதில் எழுதினாலும் சரி, வெளியே பால்பாயின்ட்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இன்றும் பிரிப்பவர்களின் கண் முதலில் போவது அந்த ஆறு இலக்கங்களுக்குத்தான். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி வட்டாரம். முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தைச் சொல்லும்: 600 சென்னை, 625 மதுரை, 641 கோவை. கடைசி மூன்று டெலிவரி செய்யும் அஞ்சலகம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சலகம் டெலிவரி அஞ்சலகமாக இருக்க வேண்டியதில்லை. நகரங்களில் பல துணை அஞ்சலகங்களிலிருந்து டெலிவரியை எடுத்து ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். அஞ்சல் துறையின் தளத்தில் தேடினால் டெலிவரி உண்டா இல்லையா என்பதும் சேர்ந்தே தெரியும். தவறான பின்கோடு போட்ட கடிதம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் ஒரு சுற்று சுற்றிவிட்டு. 2025 மே மாதம் வந்த டிஜிபின் பத்து எழுத்துக் குறியீடு, ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தைக் காட்டும். சாதாரணக் கடிதத்துக்கு அது பின்கோடுக்கு மாற்று இல்லை.

தமிழ்நாட்டுக்குள் முகவரியைத் தமிழில் எழுதினால் போய்ச் சேரும். வெளிமாநிலத்துக்கு ஊர்ப் பெயரை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். அனுப்புநர் முகவரி கட்டாயம். அது இல்லாத கடிதம் டெலிவரி ஆகாவிட்டால் ஆர்.எல்.ஓ. எனப்படும் திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும். அங்கே பிரித்துப் பார்த்துத்தான் உரியவரைத் தேடுவார்கள்.

பெட்டியிலும் கவனம் தேவை. தெருமுனைச் சிவப்புப் பெட்டிகளில் சில பெயருக்குத்தான் நிற்கின்றன. எடுக்கும் நேரம் எழுதிய தகடு இல்லை, பூட்டில் துரு, வாயில் சிலந்திவலை என்றால் கைவைக்காதீர்கள். அஞ்சலகத்து வாசல் பெட்டி நம்பகமானது, உள்ளே கையில் கொடுப்பது அதைவிட மேல்.

இப்போது ரிஜிஸ்டர் விவகாரம். கடிதக்காரர்களுக்குப் பண விஷயத்தில் வலித்தது இதுதான். முன்பு 20 கிராம் கடிதத்தை ரிஜிஸ்டர் செய்ய வரியோடு 26 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் அமலான ஸ்பீடு போஸ்ட் கட்டணப்படி 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எதுவானாலும் 47 ரூபாய். அவரவர் கையிலேயே தர வேண்டும் என்றால் பதிவுக்கு 5 ரூபாய் கூடுதல், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக, வெளியூருக்குப் பதிவோடு 61 ரூபாய் சொச்சம். உள்ளூருக்கு 28 ரூபாய் சொச்சம். உள்ளூரில் பெரிய வித்தியாசமில்லை, வெளியூரில் இரண்டு மடங்குக்கு மேல். பதிவு கேட்காமல் சாதா ஸ்பீடு போஸ்ட்டாகப் போட்டால் முகவரியில் இருக்கும் யாரிடமும் கொடுத்துவிடலாம். வக்கீல் நோட்டீஸுக்கும் அசல் ஆவணத்துக்கும் அந்த 5 ரூபாயைச் சேமிக்கக் கூடாது. ஓடிபி சொன்னால் மட்டும் தரும் வசதிக்கும் தனியாக 5 ரூபாய். மாணவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. விரைவும் ட்ராக்கிங்கும் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நண்பருக்குக் கடிதம் போட ட்ராக்கிங் எதற்கு? 5 ரூபாய்க் கடிதமே போதும்.

புக் போஸ்ட் நின்றதில் அடி வாங்கியவை சிற்றிதழ்களும் சின்னப் பதிப்பகங்களும்தான். அதன் இடத்தில் 2025 மே 1 அன்று கியான் போஸ்ட் வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக மெதுவாகப் போகும், ட்ராக்கிங் உண்டு. புத்தகம் அனுப்ப இது மலிவு. ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் இதழ்களுக்கும் விளம்பரம் தாங்கிய வெளியீடுகளுக்கும் இதில் இடமில்லை. பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். காலாண்டிதழ் நடத்துபவர்களுக்குக் கதவு திறந்த மாதிரி காட்டி மூடிய கதைதான்.

வெளிநாட்டுக்குப் போஸ்ட்கார்டு அனுப்புபவர்கள் 2025இல் பொறுமையைக் கற்றிருப்பார்கள். அமெரிக்கா 800 டாலர் வரையிலான சுங்க விலக்கை ஆகஸ்ட் 29 முதல் எடுத்தபோது இங்கிருந்து அந்நாட்டுக்கான தபால் நிறுத்தப்பட்டு, அக்டோபர் 15 அன்றுதான் திரும்பத் தொடங்கியது. டென்மார்க்கில் போஸ்ட்நோர்ட் நிறுவனம் 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு கடித டெலிவரியையே விட்டுவிட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் அந்த நாட்டுக்குச் சேவை ஓடுகிறதா என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டு ஸ்டாம்பு ஒட்டுவது நல்லது.

ஸ்டாம்புக்கு வருவோம். சாதாரணக் கவுன்ட்டரில் கிடைப்பவை அன்றாடப் புழக்கத்துக்கான டெஃபினிட்டிவ் ஸ்டாம்புகள். நினைவு ஸ்டாம்புகள் பெரும்பாலும் ஸ்டாம்பு சேகரிப்பவர்களுக்கான பிலேட்டலி பிரிவுக்குத்தான் வரும். சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் பிலேட்டலி பீரோ இருக்கிறது. நினைவு ஸ்டாம்புகளில் பல 5 ரூபாய் மதிப்பில் வருவதால் ஒரு கடிதத்துக்கு ஒன்று என்று கச்சிதமாகப் பொருந்தும். விற்றுத் தீர்ந்தால் பொதுவாக மறுபடி அச்சிடுவதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அலைய முடியாதவர்களுக்குப் பிலேட்டலி டெபாசிட் கணக்கு உண்டு. குறைந்தது 200 ரூபாய் கட்டி, ஸ்டாம்பு எத்தனை, வெளியீட்டு நாள் முத்திரையோடு வரும் முதல் நாள் உறை எத்தனை, தகவல் தாள் வேண்டுமா என்று படிவத்தில் குறித்துவிட்டால் வெளியாகும்போது தபாலில் வந்துவிடும். வெளியூரில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. கணக்கில் பணம் தீர்ந்துபோனால் நடுவில் சில வெளியீடுகள் விட்டுப்போகும். அதனால் அவ்வப்போது மீதியைக் கேட்டு, பணம் போட்டு வைக்க வேண்டும்.

ஸ்பீடு போஸ்ட்டிலும் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பலாம். ரசீது போடும் முன்பே சொல்ல வேண்டும். ஒட்டியிருக்கும் மதிப்பைக் கணினியில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்குவார்கள். ரசீது அச்சான பிறகு கேட்டால் முடியாது. பார்கோடு ஒட்ட இடம் விட்டு ஸ்டாம்பை வலது மேல் மூலையில் வையுங்கள். இல்லையென்றால் ஸ்டிக்கர் நேராக ஸ்டாம்பின் தலையில் ஏறும்.

நம் ஸ்டாம்புகளின் பின்பசை கொஞ்சம் சோம்பல். காய்ந்த கவரில் ஓரம் கிளம்பும். க்ளூ ஸ்டிக்கை மெல்லியதாகத் தடவினால் போதும். அஞ்சலகத்துக் கோந்தை அள்ளிப் பூசினால் ஓரத்தில் வழிந்து பக்கத்துக் கடிதத்தையும் சேர்த்து ஒட்டும். ஸ்டாம்பின் மேல் செலோ டேப் ஒட்டவே கூடாது. முத்திரை பதியாது, அப்படிப்பட்ட ஸ்டாம்பை ஏற்க மறுக்கலாம்.

சேர்ப்பவர்களின் நிரந்தர வேதனை முத்திரை. இங்க் பேட் காய்ந்திருக்கும், அச்சு தேய்ந்திருக்கும், தேதி படிக்க முடியாது. முத்திரையே விழாமல் வந்த ஸ்டாம்பைச் சிலர் பேனாவால் கீறிவிடுவார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் கவரில் மை காயாமல் தேய்ந்துபோகும். சாதாரண வெள்ளைக் கவர், ஸ்டாம்பைச் சுற்றி 3 செ.மீ. வெற்றிடம், கவுன்ட்டரில் நேரில் கொடுத்து “தெளிவா ஒரு முத்திரை போடுங்க சார்” என்ற ஒரு வார்த்தை, இவை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் நல்ல முத்திரை கிடைக்கும். கூட்டம் மொய்க்கும் மாதத் தொடக்கத்தில் கேட்காதீர்கள். மாமல்லபுரம், கன்னியாகுமரி போன்ற இடங்களில் அந்த இடத்தின் படம் பொறித்த நிரந்தரப் படமுத்திரை உண்டு. கேட்டால்தான் போடுவார்கள், மேசை டிராயருக்குள் இருக்கும்.

பழைய ஸ்டாம்பு வாங்கும்போது “அபூர்வம்” என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். 1960இல் வந்த திருவள்ளுவர், பாரதியார் 15 நயா பைசா ஸ்டாம்புகள் பழையவை, அழகானவை. எட்டாத விலைக்குரியவை அல்ல. அதே ஸ்டாம்பு அசல் கவரில், வெளியீட்டு நாள் முத்திரை தெளிவாக விழுந்து இருந்தால் மதிப்பு வேறு. 2006 டிசம்பரில் வந்த 15 ரூபாய் சந்தன ஸ்டாம்பில் வாசனை மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.

கடலோர ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. பசையுள்ள புது ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு பழுப்புப் புள்ளி விழும். ஸ்டாம்புகளைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை வெயில் படாத காற்றில் திறந்து புரட்டுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து ஸ்டாம்பின் நிறத்தைக் கெடுக்கும். பாலிப்ரொபிலீன், பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. லேமினேட் செய்தால் ஸ்டாம்பு செத்தது என்று கணக்கு. விரலால் எடுக்காமல் தட்டை முனைச் சாமணம் வைத்து எடுப்பது பழகிவிடும்.

கவரிலிருந்து பிரிக்க, ஸ்டாம்பைச் சுற்றி ஒரு செ.மீ. விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலாக மிதக்க விடுங்கள். 15, 20 நிமிடத்தில் தானாக நழுவும், இழுக்கக் கூடாது. பின்புறப் பசையை விரலால் மெல்ல வழித்துவிட்டு, உறிஞ்சுதாளில் கவிழ்த்துப் போட்டு, பாதி காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குள் வைத்தால் சுருளாது. சிவப்பு, ஊதா, பழுப்பு நிறக் கவர்த் துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். சாயம் இறங்கினால் எல்லாம் போச்சு. வாசனை ஸ்டாம்பையும் தானே ஒட்டும் ரகத்தையும் தண்ணீரில் போடாமல் கவர்த் துண்டோடு அப்படியே வைத்துக்கொள்வதுதான் சரி. முத்திரை முழுசாக விழுந்த கவர் என்றால் கத்திரியையே எடுக்காதீர்கள், முழுக் கவராக வையுங்கள்.