சுப்ராஸ்பைனேட்டஸ் தசைக்கு ஏற்ற பயிற்சி எது? மூன்று முறைகள், ஓர் அலசல்

தோள் மூட்டைச் சுற்றியுள்ள நான்கு ரொட்டேட்டர் கஃப் தசைகளில் அதிகமாகக் கிழிவது சுப்ராஸ்பைனேட்டஸ். அதன் தசைநாண், தோள்பட்டை எலும்பின் மேல்நுனியான அக்ரோமியானுக்கு அடியிலுள்ள குறுகலான இடைவெளி வழியாகச் சென்று மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் இணைகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது, தோளை வெளிப்புறமாகப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசை அந்த எலும்புத் தலையை மேல்நோக்கி இழுக்கிறது. ரொட்டேட்டர் கஃப் தசைகளோ அதைத் தோள்மூட்டுக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. இந்தப் பிடி தளர்ந்து டெல்டாய்டின் இழுப்பு மேலோங்கினால், எலும்புத் தலை மேலேறித் தசைநாணை நெரிக்கக்கூடும். ஆகவே ஒரு பயிற்சி சுப்ராஸ்பைனேட்டஸை எவ்வளவு இயக்குகிறது என்பதோடு, டெல்டாய்டை எவ்வளவு அடக்கி வைக்கிறது என்பதையும் பார்த்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் பரவியது 'எம்ப்டி கேன்' முறை. முழங்கையை நீட்டி, கட்டைவிரல் தரையைப் பார்க்குமாறு கையை உள்நோக்கித் திருப்பி, உடலின் பக்கவாட்டுத் தளத்திலிருந்து சுமார் 30 பாகை முன்னே தோள் உயரம் வரை உயர்த்துவது இது. பேஸ்பால் வீரர்களின் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சைக்காகப் பெயர்பெற்ற ஃபிராங்க் ஜோப், 1982-இல் மொய்ன்ஸுடன் எழுதிய கட்டுரையில் இதைப் பரிந்துரைத்தார். 'ஃபுல் கேன்' முறையிலும் அதே தளம், அதே உயரம்தான். கட்டைவிரல் மட்டும் மேல்நோக்கி இருக்கும். மூன்றாவது, குப்புறப் படுத்துக்கொண்டு, கட்டைவிரல் மேல்நோக்கியிருக்கக் கையைப் பக்கவாட்டில் சுமார் 100 பாகை விரித்து உயர்த்துவது.

இம்மூன்றையும் ஆரோக்கியமான 22 பேரிடம் ஒப்பிட்டு, ரைனோல்டு குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுப்ராஸ்பைனேட்டஸ், கழுத்திலிருந்து மேல்முதுகுவரை விரிந்திருக்கும் ட்ரபீசியஸ் தசைக்கு அடியில் மறைந்திருப்பதால், தோலில் ஒட்டும் மின்முனைகளைவிட ஊசி வழியாகத் தசைக்குள் செருகும் நுண்கம்பி மின்முனைகளே அதன் இ.எம்.ஜி. (தசையின் மின்செயல்பாட்டுப்) பதிவுக்கு நம்பகமானவை, அந்த ஆய்வும் அவற்றையே பயன்படுத்தியது. சுப்ராஸ்பைனேட்டஸின் செயல்பாட்டில் மூன்று பயிற்சிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. டெல்டாய்டின் நடுப்பகுதியில்தான் வித்தியாசம் வெளிப்பட்டது: அத்தசையின் அதிகபட்சச் சுருக்கத்தை 100 சதவீதமாகக் கொண்டால், எம்ப்டி கேன் 77, குப்புறப் படுத்துச் செய்வது 63, ஃபுல் கேன் 52 சதவீதம். பின்பகுதி டெல்டாய்டும் ஃபுல் கேனில்தான் மிகக் குறைவாக இயங்கியது.

இலக்குத் தசைக்குக் கிடைக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே எனும்போது, டெல்டாய்டுக்குக் கூடுதல் இடம்கொடுக்கும் எம்ப்டி கேனை வலியுள்ள தோளுக்குத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. கையை உள்நோக்கித் திருப்பி உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பும் முன்பக்கம் சாய்ந்து உட்புறமாகத் திரும்புவதால், அக்ரோமியானுக்கு அடியிலுள்ள இடைவெளி குறையக்கூடும் என்ற அச்சமும் இருக்கிறது. தோள் காயத்தைக் கண்டறியும் மருத்துவப் பரிசோதனையாக எம்ப்டி கேன் இன்றும் நிலைத்திருப்பது வேறு விஷயம். வலியைத் தூண்டிப் பார்ப்பதற்கு உதவும் நிலையே தசையை வலுப்படுத்தவும் ஏற்றது என்று கொள்ள வேண்டியதில்லை.

குப்புறப் படுத்துச் செய்யும் பயிற்சியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ட்ரபீசியஸின் கீழ்ப்பகுதியையும் அது நன்கு இயக்குவதால், தோள்பட்டை எலும்பின் கட்டுப்பாடு தளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் பயன்படும். ஆனால் அந்த நிலையில் கையின் எடையே போதிய சுமை என்பதால், தொடக்கத்தில் டம்பெல் தேவையில்லை.

ஃபுல் கேனைத் தொடங்குபவர் கண்ணாடி முன் நின்று செய்வது நல்லது. கை உயரும்போது தோள் காதை நோக்கி ஏறினால், மேல் ட்ரபீசியஸ் வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று பொருள். எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தோள் ஏறத் தொடங்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். தசைநாணைத் தைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கோ, ஆரம்ப வாரங்களில் இம்மூன்றுமே ஆகாது. தையல் பிடிக்கும்வரை பிறர் உதவியோடு கையை அசைக்கும் பயிற்சிகளோடு நின்று, அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகே, எடையில்லாத ஃபுல் கேனுக்குப் போக வேண்டும்.